பத்து இரண்டு

பலம் எழுபத்தெட்டு. தரம் பூஜ்யம்.
மேல் பட்டை பச்சையாக நிறைந்து நிற்கிறது,
கீழ்ப் பட்டை எழுந்திருக்கவே இல்லை.
திரையில் மூட்டு வைத்தியர் கட்டம் கட்டமாக உதிர்கிறார்,
மூக்கு ஓரிடம், சால்வை ஓரிடம்.
"எலும்பு கூடி வர, சரியா எத்தனை நா—"

"போயிடுச்சு ஜெசிந்தா!"

முஹரக்கில் அக்டோபர். காலையிலேயே கசகசப்பு.
மொட்டைமாடியில் நான்.
படிக்கட்டுத் திருப்பத்தில் வங்காளப் பையன் ரொபியுல்.
கீழே கட்டிலில், தொடைவரை மாவுக்கட்டோடு ததேயு.
"வந்துச்சா?" என்பேன்.
"ஆயா?" என்று அவன் கீழே அனுப்புவான்.
(எந்த ஆயாவைக் கூப்பிடுறான், என்று கேட்டார் முதல் நாள்.)
ஓர் "இல்ல"
மூன்று மாடி ஏறி வருவதற்குள்
"ஆமா" ஆகிவிடுகிறது.
நான் அதற்குள் தட்டை அசைத்திருப்பேன்.

பெட்டியை அணைத்துப் போட்டுப் பார்த்தாயிற்று.
ஒயரின் தலையைத் திருகிப் பிரித்தால்
செம்பு பச்சை பூத்திருந்தது.
உப்புக்காற்று இங்கே எதையும் விடுவதில்லை.
பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து
கறுப்பு டேப் சுற்றி
தண்ணீர்த்தொட்டிக் குழாயோடு கட்டிவைத்தேன்.
மறுநாள் இக்ராமுல்லா வந்தார். ஐந்து தினார்.
புது எல்.என்.பி. மாட்டினார், அரை விரல் திருப்பினார்,
"பஸ், பஹன். இனி பத்து வருஷம்."

அடுத்த நாள் பத்து இரண்டுக்குப் போனது.
பத்து ஒன்பதுக்கு வந்தது.
வைத்தியர் போய், சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

கோளாறு என்றால் நேரங்கெட்டு வர வேண்டும்.
இது கார்டு பஞ்ச் பண்ணுகிறது.

நானோ ராத்திரி டியூட்டி முடித்து
தூங்கவேண்டிய நேரத்தில் ஸ்பேனரோடு.
அவர் ஆகஸ்டில் சாரத்திலிருந்து விழுந்தார்,
கப்பல் பட்டறையில், பன்னிரண்டு அடி.
இன்ஷூரன்ஸ் காகிதம் பற்றிக் கேட்க
கம்பெனிக்குத் தினமும் போன் போடுகிறேன்.
ரிங் தெளிவாகப் போகிறது.
பலம் நூறு.

ஐந்தாம் நாள் எதையும் தொடவில்லை.
பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு
தொட்டி நிழலில் உட்கார்ந்தேன்.
ஆறடித் தட்டு, முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போனது.
அதன் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் தலையின் நிழல்
தட்டின் மேல் எறும்புபோல நகர்ந்தது.
துருப்பிடித்த விளிம்பு,
காக்கை எச்சம்,
பிறகு, நட்டநடு ஆணி.

"போயிடுச்சு!"

வாட்ச்சைப் பார்க்கவில்லை. தேவைப்படவில்லை.
சாட்டிலைட் இருக்கும் அதே இடத்துக்கு
முதுகுப் பக்கமாக வந்து நிற்கிறது சூரியன்.
ஏழு நிமிஷம் அதன் இரைச்சல்தான்.
ஒயர் மேல் தப்பில்லை, உப்பு மேல் தப்பில்லை.
ஸ்பேனரைப் பக்கெட்டுக்குள் போட்டேன்,
அழ வேண்டும்போல இருந்தது, சிரித்தேன்.

இக்ராமுல்லாவைக் கூப்பிட்டால் அவரும் சிரிக்கிறார்.
"ஹாங் ஜி, சூரஜ் பீச்சே. இன்னும் ரெண்டு மூணு நாள்.
அப்புறம் மார்ச்சில்தான்."
அந்த ஐந்து தினார்?
"பழைய தலையும் பழசுதானே, பஹன்."

செவ்வாய்க்கிழமை படம் உடையவில்லை.
வைத்தியர் முழு முகத்தோடு முழு வாக்கியம் சொன்னார்:
"எலும்பு கூடி வர, சரியா எத்தனை நாள்னு
யாராலயும் சொல்ல முடியாதும்மா."
பிறகு தைலம், மூன்று பாட்டில், தொள்ளாயிரம் ரூபாய்.

ததேயு சத்தத்தைக் குறைத்தார்.
"மறுபடி மார்ச்சுல வருமாம்" என்றேன்.
சுவரைப் பார்த்தார்.
கம்பெனி கொடுத்த காலண்டர்,
படத்தில் கப்பல், டிசம்பரோடு முடிகிறது.

ஒன்றும் ஆகாத அந்த நேரத்திலும்
படிக்கட்டிலிருந்து ரொபியுல்,
பழக்கத்தில்:
"ஆயா?"